கிணத்துக்கு நாலு ஓட்டு

கோலாலம்பூர் ரேடியோக்காரங்ககிட்டேருந்து வந்த அந்தக் கடுதாசியோட போன வாரம் நின்னோம். இப்ப அது ஷரீஃபுதீன் நானாவோட மளிகைக் கடையில, அரிசி மூட்டைக்கு மேல, ஆணி அடிச்சுத் தொங்குது. வர்றவங்க போறவங்க எல்லாம் அண்ணாந்து பாத்துட்டுத்தான் பருப்பு வாங்குறாங்க.

ரேடியோவுல தேசிய மொழிப் பாடம் கேட்டு, கூடிப் பேசி, தபால்ல பதில் அனுப்புற பெரியவங்க குழுவுலயே நம்ம காஜா பெராங் தெருக் குழுதான் முதலாம். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. வியாழக்கிழமை அதிகாரி ஒருத்தர் நேர்ல வந்து, ஒவ்வொருத்தரையா பேசச் சொல்லிப் பாத்து, அங்கேயே சான்றிதழ் கொடுப்பாங்களாம்.

தெருவே சந்தோசப்பட்டுச்சு. சந்திரமதியத் தவிர.

அவளுக்குப் பதினஞ்சு வயசு. மூணு ராத்திரியா தூக்கமில்ல. கண்ண மூடுனா போதும், பன்னெண்டு பதில் தாளும் வரிசையா வந்து நிக்குது. வியாழக்கிழமை விடிஞ்சப்ப, குளிக்கிற அறையிலேருந்து அப்பாவோட குரல் கேட்டுச்சு. கலியாணசுந்தரம் தண்ணித் தொட்டிகிட்ட மலாய்ல நலம் விசாரிச்சுக்கிட்டிருந்தாரு.

"கேட்டியா உங்கப்பாவ?" அடுப்படியில அம்மா கமலவேணி தோசையத் திருப்பிப் போட்டா. "தொட்டி பதில் சொன்னாத்தான் வெளிய வருவாரு போல."

சந்திரமதிக்குச் சிரிப்பு வரல.

"அம்மா, வயித்த வலிக்குது."

"பரீட்சை உனக்கா, உங்கப்பாவுக்கா?"

எனக்குத்தாம்மான்னு சொல்லலாம் போல இருந்துச்சு. ஆனா எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

அந்தக் குழுவுல நாலு பேரு. தண்ணி இலாகாவுல குழாய் வேலை பாக்குற அப்பா. அம்மா. ரேடியோப் பெட்டிக்குச் சொந்தக்காரரான ஷரீஃபுதீன் நானா. அப்புறம் செட்டி கம்பத்துப் பொன்னுதுரை மாமா. சுவருக்குச் சாயம் அடிக்கிறவரு. பேரு தமிழ்ப் பேரு, சாமி நம்ம சாமி, வாய் மட்டும் பொறந்ததுலேருந்தே மலாய். தமிழ் பேசினா புரியும், திருப்பிப் பேச வராது. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கணும்னுதான் அவரு வந்து சேந்தாரு.

திங்களும் வியாழனும் ராத்திரி ஏழரைக்கு ரேடியோவுல ஒரு கதை வரும். வேகமா வாசிப்பாங்க. ஒரே ஆளால முழுசாப் பிடிக்க முடியாது. அதனால பங்கு போட்டுக்கிட்டாங்க. கதையோட தலை அப்பாவுக்கு, நடுப்பகுதி அம்மாவுக்கு, வால் நானாவுக்கு. தெரியாத வார்த்தை வந்தா பொன்னுதுரை மாமா. கடைசியில பத்துக் கேள்வி. நாலு பேரும் அவங்கவங்க துண்டக் கொண்டாந்து ஒட்ட வச்சு, பதில் சொல்லுவாங்க. அதக் கச்சா நோட்டுல எழுதிக்கிட்டு வீட்டுக்கு வந்து நல்ல தாள்ல அழகா எழுதுறது சந்திரமதி வேலை. பாரம் த்ரீ படிக்கிறா, கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. துண்டு ஒட்டாத இடத்துலதான் வம்பு. ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வந்து மூணு வருசம் ஆச்சு, போன வருசந்தான் பள்ளிக்கூடத்துல வரிசையில நின்னு ஓட்டுப் போட்டுட்டு வந்திருக்காங்க, அந்தச் சூடு இன்னும் ஆறல. நானா தராசத் தட்டுவாரு. "சண்ட எதுக்கு? கை தூக்குங்க!" எந்தப் பதிலுக்குக் கை அதிகமோ அதுதான் சரியான பதில்.

நாலாவது பாடத்துல பாக் சாமாட்னு ஒரு கிழவன் கதை. அவன் வீட்டுக் கிணறு வத்திப் போச்சு. ஏன் வத்துச்சு? மூணு மாசமா மழை இல்லன்னு ரேடியோ தெளிவாச் சொன்னுச்சு. அப்பா கேக்கணுமே!

"மழை இல்லாம எந்தக் கிணறுய்யா மூணு மாசத்துல வத்தும்? ஆயர் குரோ பக்கம் குழாய் பதிச்சவன் நான், எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுக்காரன் ஆழமா ஒரு கிணறு வெட்டியிருப்பான். இவன் ஊத்த அவன் இழுத்துட்டான்."

நியாயமாத்தான் பட்டுச்சு எல்லாருக்கும். நாலு கையும் மேல போச்சு. அம்மா கையும்தான். அப்பா கை போனா அம்மா கை பின்னாலயே போயிடும்.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து நல்ல தாள்ல எழுதுறப்பத்தான் சந்திரமதியோட பேனா நின்னுச்சு. தப்புன்னு தெரிஞ்சும் எப்படி எழுதுறது? ஒரே ஒரு தடவன்னு நெனச்சுக்கிட்டு, 'மழை இல்லாததால்'னு மாத்தி எழுதிட்டா. அடுத்த பாடத்துல மூணு. அதுக்கடுத்ததுல நாலு. பன்னெண்டு தாள்ல ஒன்பதுல அவ கை வச்சாச்சு.

இப்ப அதிகாரி வர்றாங்க.

"அம்மா." குரல் அவளுக்கே கேக்கல. "அந்தத் தாள் எல்லாம்... நா... நான்..."

"மாத்தி எழுதுன. தெரியும்."

தோசைக்கரண்டி நிக்கல. சந்திரமதிக்குத்தான் மூச்சு நின்னுச்சு.

"தெரியுமா?"

"உறையில போட்டு, தபால்ல சேக்குறது யாரு? நான்தானே. ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சுப் பாப்பேன். என் துண்டு எனக்குச் சரியாக் கேட்டிருக்கான்னு பாக்கத்தான்."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"முதல் தொண்ணூறு மார்க் வந்த அன்னிக்கு உங்கப்பா மூஞ்சியப் பாத்தியா நீ?" அம்மா குரலத் தாழ்த்திக்கிட்டா. "பதினாறு வருசமா அடுத்தவன் சொன்ன இடத்துல குழி வெட்டுற மனுசன். அன்னிக்குக் கண்ணாடி முன்னாடி நின்னு தலை சீவுனாரு. நான் எத்தச் சொல்ல?"

"இன்னிக்கு மாட்டிக்குவாரும்மா."

"மாட்டிக்கிட்டாப் பாத்துக்கலாம். நீ வாயத் தொறக்காத."

குளியலறைக் கதவு திறந்துச்சு. அம்மா தோசையத் தட்டுல போட்டா.

*

பள்ளிக்கூடத்துக்கு அப்பாதான் சைக்கிள்ல கொண்டு விடுவாரு. பின்னால உக்காந்து அவரு முதுகப் பாத்துக்கிட்டே வந்தா. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. மத்தியானம் வரைக்கும் இதக் கசக்காம எப்படிக் குழி வெட்டப் போறாரோ.

"மண்டோர் வேலைக்கு விண்ணப்பம் எழுதியாச்சு," ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னாரு. மண்டோர்னா குழி வெட்டுறவங்களுக்கெல்லாம் மேஸ்திரி. "சனிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள கொடுத்தாகணும். எல்லாம் வச்சாச்சு, அந்தச் சான்றிதழ் ஒண்ணுதான் பாக்கி."

"வேற யாரும் போடுறாங்களாப்பா?"

"தேவதாஸ் போடுறான். என்கிட்ட வேலை பழகுன பய. அவனுக்குப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் இருக்கு." கொஞ்சம் வேகமா மிதிச்சாரு. "அவன் மண்டோர் ஆனா நல்லதுதான். ஆனா நான் அவன் கீழ வேலை செய்ய மாட்டேன் ஆயி. இப்பவே சொல்லிட்டேன்."

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அதிகாரி கேக்குறப்ப, கதையில என்ன வந்துச்சோ அத மட்டும் சொல்லுங்கப்பா."

"வேற எதச் சொல்லப் போறேன்? எலக்சன்ல நின்னு பேசுறேன்னா நெனச்ச?" சிரிச்சுட்டு மணிய அடிச்சாரு. பள்ளிக்கூட வாசல் வந்துடுச்சு. அவ இறங்கினா. சொல்ல வேண்டியதச் சொல்லாமலே உள்ள போனா.

*

அதிகாரி ஆம்பிளையா இருப்பாருன்னு எல்லாரும் நெனச்சிருந்தாங்க. மூணு மணிக்கு வந்து இறங்குனது ஒரு சின்னப் பொண்ணு. இருபத்தஞ்சு வயசு இருந்தா அதிகம். பச்சை நிற பாஜு கூரோங் உடுப்பு, கையில தடியா ஒரு கோப்பு. பஸ்ஸுல வந்த அலுப்பு மூஞ்சியில இருந்தாலும் சிரிச்சுக்கிட்டே வந்தாங்க. "என்னைச் சிக்குன்னே கூப்பிடுங்க"ன்னாங்க. மலாய்ல டீச்சரம்மான்னு அர்த்தம்.

நானா கடையில வியாபாரத்த நிறுத்திட்டு, மூட்டைகளை ஒதுக்கி, பின்பக்கம் மேசை போட்டிருந்தாரு. தனித்தனியாத்தான் கூப்பிட்டாங்க. ஆனா நடுவுல இருந்தது ஆறு சீனி மூட்டைதான். பேசுறது அத்தனையும் இந்தப் பக்கம் கேட்டுச்சு.

முதல்ல நானா போனாரு. வியாபாரி வாய் இல்லையா, சிக்குவுக்கே ஏலக்காய் விக்கப் பாத்தாரு. தேறிட்டாரு.

அடுத்து பொன்னுதுரை மாமா. அவரு பேச ஆரம்பிச்சதும் சிக்குவோட சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. "எங்க பாட்டன் காலத்து மலாய் மாதிரி இருக்கே மாமா, எங்க கத்துக்கிட்டீங்க?"ன்னு கேக்குறாங்க. "வயித்துக்குள்ள"ன்னு சொன்னாரு. அவரும் தேறிட்டாரு.

அம்மா முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டுப் போனா. குரல் மெதுவா, ஆனா நிக்காம வந்துச்சு. ஏழாவது கதைய முழுசாச் சொன்னா. தலை, நடு, வால் எல்லாமே. சந்திரமதிக்கு ஆச்சரியம். அம்மாவுக்குக் கொடுத்த பங்கு நடுப்பகுதி மட்டுந்தானே? உறையை ஒட்டுறதுக்கு முன்னால படிச்ச படிப்பு இது. "பாகுஸ், பிரமாதம்!"னு சிக்கு ரெண்டு தடவ சொன்னாங்க.

அப்புறம் அப்பா.

"பேர் சொல்லுங்க." சொன்னாரு. "என்ன வேலை?" சொன்னாரு, கொஞ்சம் கூடவே சொன்னாரு. சந்திரமதி சீனி மூட்டையோட காத நகத்தால பிச்சுக்கிட்டிருந்தா.

"தண்ணி இலாகாவா? அப்ப உங்களுக்கு நாலாவது பாடம் பிடிச்சிருக்குமே! பாக் சாமாட் வீட்டுக் கிணறு. அது ஏன் வத்துச்சு, சொல்லுங்க பாப்போம்."

கடவுளே. பன்னெண்டு கதையில அந்தக் கதைதானா கெடச்சுச்சு?

அப்பா செருமிக்கிட்டாரு. அப்புறம் ஆரம்பிச்சாரு பாருங்க! பக்கத்து வீட்டுக்காரன், புதுக் கிணறு, அவன் எத்தன அடி வெட்டியிருப்பான், ஊத்து எந்தப் பக்கமா ஓடும், எல்லாத்தையும் மலாய்ல, கைய ஆட்டி, மேசையில தண்ணியத் தொட்டுக் கோடு போட்டு. அவ்வளவு மலாய் அவருக்குத் தெரியும்னு அவருக்கே தெரியாது.

முடிச்சப்ப அந்தப் பக்கம் தாள் புரளுற சத்தம் மட்டும்.

"ஆனா உங்க குழு அப்படி எழுதலையே. மழை இல்லன்னுல்ல எழுதியிருக்கீங்க? சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

"இல்ல சிக்கு. நாங்க பக்கத்து வீட்டுக் கிணறுன்னுதான் முடிவு பண்ணோம். நாலு பேருமே கை தூக்குனோம்."

"கை தூக்குனீங்களா?"

"ஓட்டு, சிக்கு. நாலுக்கு நாலு."

சிக்கு சிரிச்சாங்க. பாதியில நிறுத்திட்டாங்க. இன்னொரு தாள எடுத்துக் கேட்டாங்க. அதுக்கும் அப்பா ஓட்டுல ஜெயிச்ச பதிலச் சொன்னாரு. தாள்ல வேற இருந்துச்சு. மூணாவது தாளக் காட்டுனப்ப அப்பா குரல் இறங்கிடுச்சு. எழுத்தப் பாத்துட்டாரு. முத்து முத்தா இருக்கிற எழுத்து, அவருக்குத் தெரியாததா?

"அப்ப இதெல்லாம் எழுதுனது யாரு?"

அப்பா பதில் சொல்லல. 'தெரியாது'ன்னு சொல்லியிருந்தாக்கூட சந்திரமதி மூட்டைக்குப் பின்னாலயே இருந்திருப்பா. அந்தச் சத்தமில்லாத இடத்தத்தான் அவளால தாங்க முடியல. காலு தானா நடந்துச்சு. அம்மா கையப் பிடிச்சு இழுத்தா, உதறிட்டுப் போயிட்டா.

"நான்தான் சிக்கு. ஒன்பது தாள்ல. அவங்களுக்குத் தெரியாது."

சிக்கு அவள நிமிந்து பாத்தாங்க. கோபம் மாதிரி தெரியல. கோபப்பட்டிருந்தாலே தேவலாம்.

"ஏன் இப்படிப் பண்ண?"

"தப்பா அனுப்பப் பிடிக்கல."

சிக்கு கோப்ப மூடுனாங்க. "இந்தப் பன்னெண்டு தாளும் செல்லாது. எனக்கு வேற வழியில்ல. இன்னிக்கு என் காதால கேட்டத வச்சுத்தான் முடிவு பண்ண முடியும். மூணு பேருக்குச் சான்றிதழ் எழுதுறேன்." அப்பா பக்கம் திரும்பி, "ஐயா, நீங்க நல்லாப் பேசுறீங்க. ஆனா கதையில என்ன வந்துச்சுன்னு கேட்டா, நீங்க கதையவே திருத்துறீங்க. நான் கிளேபாங்ல அத்தை வீட்டுல தங்குறேன். சனிக்கிழமை காலைல எட்டு மணி பஸ்ஸுக்குப் போயிடுவேன். ஏழு மணிக்கு வாங்க, பன்னெண்டு கதையிலேருந்தும் கேக்குறேன். வரலன்னா அடுத்த வருசந்தான்."

எழுந்திருச்சவங்க, தனக்குத்தானே சொல்லிக்கிற மாதிரி ஒண்ணு சொன்னாங்க. "அறுபது மார்க் எடுத்த குழுவுக்கெல்லாம் சான்றிதழ் தபால்லயே அனுப்பிட்டோம். உங்க மார்க் ரொம்ப ஒசத்தின்னுதான் என்னைய நேர்ல அனுப்புனாங்க."

அவங்க போனதும் நானா மூட்டை மேல ஏறி, ஆணியிலேருந்து கடுதாசிய எடுத்தாரு. மடிச்சு கல்லாப்பெட்டிக்கு அடியில வச்சாரு.

"தெருவே பாத்துச்சே புள்ள," அவ்வளவுதான் சொன்னாரு.

*

அப்பா சைக்கிள்ல ஏறல. தள்ளிக்கிட்டு நடந்தாரு. சந்திரமதி பத்தடி தள்ளி, பின்னாலயே போனா. கிட்டப் போகவும் பயம், விட்டுட்டுப் போகவும் பயம். திட்டுனா அழுதுடலாம். அடிச்சாக்கூட வாங்கிக்கலாம். அவரு எதுவுமே செய்யல.

தெருக்குழாய்கிட்ட நின்னாரு. யாரோ சரியா மூடாம விட்டுட்டுப் போயிருந்த குழாய இறுக்கித் திருகுனாரு. திரும்பாமலே கேட்டாரு.

"நாங்க சொன்னத அப்படியே எழுதியிருந்தா எத்தன மார்க் வந்திருக்கும்?"

அவளுக்கு அது தெரியும். நேத்து ராத்திரி கச்சா நோட்ட வச்சு எண்ணிப் பாத்திருந்தா. பயத்துல, ஏதாவது செய்யணுமேன்னு எண்ணுனது. எண்ணி முடிச்சப்ப இன்னும் பயமாயிடுச்சு.

"எழுபத்தொண்ணுப்பா."

அப்பா தலைய ஆட்டுனாரு. ஒரு தடவ, ரெண்டு தடவ.

"அறுபது போதும்னாங்களே."

"ஆமாப்பா."

"தபால்காரன் கொண்டாந்து கொடுத்திருப்பான்."

அப்புறம் சைக்கிள்ல ஏறிப் போயிட்டாரு. அவ அந்தக் குழாய்கிட்டயே நின்னா. யாரோ ஒரு சீன அம்மா வாளியோட வந்து, "தள்ளு தள்ளு"ன்னு சொல்ற வரைக்கும்.

*

ஏழு மணிக்கு அப்பா சுவரப் பாத்துப் படுத்திருந்தாரு. வெள்ளைச் சட்டை ஆணியில. சோறு தட்டுல அப்படியே இருந்துச்சு.

அம்மா தலைய வாரிக்கிட்டு, செருப்ப மாட்டுனா.

"எங்க?" சுவரு கேக்குற மாதிரி இருந்துச்சு.

"பாடத்துக்கு. இன்னிக்கு வியாழக்கிழமை."

"தாள்தான் செல்லாதுன்னுட்டாங்களே."

"ரேடியோவ யாரும் செல்லாதுன்னு சொல்லல," அம்மா சொன்னா. "உனக்கு என்ன, வர்றியா?"ன்னு சந்திரமதியப் பாத்தா. "நோட்ட எடு."

"நானா திட்டுவாரும்மா."

"திட்டட்டும். வாங்கிக்க."

கல்யாணம் ஆனதுலேருந்து அப்பா இல்லாம அம்மா அந்தக் கடைக்குள்ள போனது அன்னிக்குத்தான். நானா திட்டாம, முக்காலியத் தள்ளிப் போட்டாரு. பொன்னுதுரை மாமா சந்திரமதியப் பாத்துக் கண்ணடிச்சு, மலாய்ல மெதுவா, "எட்டாவது தாள்ல என் பதிலயும் மாத்துனியா?"ன்னாரு.

"மாத்துனேன் மாமா."

"அது எனக்கே சந்தேகந்தான்."

ரேடியோப் பெட்டி சூடேறி, கரகரன்னு, கதை ஆரம்பமாயிடுச்சு. பாக் டோலான்னு ஒரு படகுக்காரன். ஆத்தக் கடக்க ஆளை ஏத்திக்கிட்டுப் பாதி தூரம் போயிட்டான். அப்ப வாசல்ல நிழல் விழுந்துச்சு. அப்பா. சட்டைய மாட்டிக்கிட்டு வந்திருந்தாரு, பொத்தான் மாறிப் போட்டிருந்தாரு. உள்ள வராம கதவு ஓரமா நின்னாரு. நானா ஏதோ கேக்க, அவரு ஏதோ சொல்ல, பொன்னுதுரை மாமாவும் சேந்துக்க, ரேடியோ அதுபாட்டுக்கு ஓடுச்சு.

கதை முடிஞ்சது. முதல் கேள்வி: படகுக்காரன் நடு ஆத்துல ஏன் திரும்பினான்?

பழக்கம் விடுமா? நானா தராசத் தட்டிட்டாரு. "சொல்லு கலியாணசுந்தரம்."

"படகு அடியில ஓட்டை," அப்பா சொன்னாரு. "தண்ணி உள்ள வந்திருக்கும். வேற எதுக்குப் பாதியில திரும்புவான்?"

"அதுதான்," நானா கை மேல போச்சு. பொன்னுதுரை மாமா கையும் போச்சு. அப்பா கை. எல்லாரும் அம்மாவப் பாத்தாங்க.

அம்மா ரெண்டு கையையும் மடியில கோத்து வச்சிருந்தா.

"எனக்கு அப்படிக் கேக்கல," தரையப் பாத்துக்கிட்டே சொன்னா. "கரையில ஒரு புள்ள தனியா நின்னுச்சு. அதப் பாத்துட்டுத் திரும்புனான்."

மேல போன கைகளை நானா விரல் விட்டு எண்ணுனாரு.

"மூணுக்கு ஒண்ணு," நானா மெதுவாச் சொன்னாரு.

அப்பா சந்திரமதிகிட்ட வந்து நின்னாரு. அவ பேனாவத் தொறந்தா.

"எழுது. ஓட்டை."

எழுதுனா. தப்புன்னு தெரிஞ்சே, மாத்தாம, ஒரு எழுத்து விடாம எழுதுனா. எழுதி முடிச்சப்ப கை வேர்த்துத் தாள் ஈரமாயிடுச்சு.

"படி." படிச்சா.

"இப்பச் சொல்லு. சரியா, தப்பா?"

"தப்புப்பா."

"ரேடியோ என்ன சொன்னுச்சு?"

"அம்மா சொன்னதுதான். படகுக்காரன் திரும்பிப் பாக்குறான், புள்ள நிக்குது. அந்த இடத்துல நீங்க மூணு பேரும் பேசிக்கிட்டிருந்தீங்க. உங்களுக்குக் கேக்கல."

"ஒவ்வொரு வாரமும் இப்படித்தானா?"

"ஆமாப்பா."

"அப்ப, இங்கேயே எங்ககிட்ட சொல்றதுக்கென்ன? வீட்டுக்குப் போய் எதுக்குத் திருட்டுத்தனமா எழுதுன?"

சந்திரமதி நிமிந்து பாத்தா. இதுக்கு என்ன பதில் சொல்லணும்னு அவ யோசிச்சதே இல்ல. உள்ளதுதான் வந்துச்சு.

"எனக்கு ஓட்டு இல்லையேப்பா."

நானா கை தராசு மேலேயே நின்னுடுச்சு. பொன்னுதுரை மாமா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அம்மா மட்டும் அப்பாவ நேராப் பாத்தா.

அப்பா முக்காலிய இழுத்துச் சந்திரமதிக்கு எதிர்ல போட்டு உக்காந்தாரு. முட்டியோட முட்டி இடிக்கிற தூரம்.

"நடுவுல வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் இருக்கு," சொன்னாரு. "அதுலயும் தெங்கேராவுல குழாய் மாத்துற வேலை, இருட்டுற வரைக்கும். பன்னெண்டு கதை. முதல் கதையச் சொல்லு."

அவ நோட்டப் புரட்டுனா. "ஒரு ஊருல ஒரு தையல்காரன். அவன் கடைக்கு ஒரு நாள் ஒரு போலீஸ்காரர் வர்றாரு. கிழிஞ்ச சட்டையத் தைக்கச் சொல்றாரு. தையல்காரன் முடியாதுன்னு..."

"எப்படி முடியாதும்பான்? போலீஸ்காரன் கேட்டா எவன் முடியாதும்பான்? அவன் ஊசி ஒடிஞ்சிருக்கும், அதனால..."

"குறுக்க பேசாதீங்கப்பா!"

சத்தமாவே வந்துடுச்சு. பதினஞ்சு வருசத்துல அப்பாகிட்ட அப்படி ஒரு குரல் அவ எடுத்ததில்ல. நானா கல்லாவுக்குப் பின்னால ஒரு அடி நகந்துக்கிட்டாரு. சந்திரமதிக்குக் காதெல்லாம் சுட்டுச்சு, ஆனா நோட்ட மூடல.

அப்பா தொறந்த வாய் தொறந்தபடி இருந்துச்சு. உள்ள என்னென்னவோ வந்து முட்டுறது மூஞ்சியில தெரிஞ்சுது. அப்புறம் வாய மூடிக்கிட்டு, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அழுத்திக்கிட்டாரு.

"முடியாதுன்னு சொன்னான்," அப்பா மலாய்ல, ஒவ்வொரு வார்த்தையா, கசப்பு மருந்து குடிக்கிற மாதிரி சொன்னாரு. "சரி. ரேடியோ சொன்னா சரி. மேல சொல்லு."